நானூற்றுப் பதின்மூன்று செய்திகளும் ஒரு மூடியும்

ஸ்ரீவில்லிபுத்தூர்
3.7.2025

திரு. சோலைராஜ் அவர்களுக்கு,

இங்கே என் கம்ப்யூட்டர் சுகம். உங்கள் கம்ப்யூட்டரின் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

'நீங்கள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மரியாதை கூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எட்டு வருஷமாக 'ஏலே சோலை' என்று கூப்பிட்ட கொழுந்தனை இப்படிக் கூப்பிடுகிறேன் என்றால் கோபம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

இனி என் போனிலிருந்து உங்களுக்கு ஒரு எழுத்தும் வராது என்று செவ்வாய்க்கிழமை சொன்னேன். வரவில்லை. தாளைப் பற்றி நான் வாக்குக் கொடுக்கவில்லை. தினமும் பால்கோவா டப்பாக்களோடு ராஜபாளையம் பேக்கரிகளுக்கு வருகிற ராக்கப்பன் அண்ணன் இதை உங்கள் மில் வாட்ச்மேனிடம் தருவார். பதிலும் அப்படியே வரட்டும். பதினொரு கிலோமீட்டருக்கு இத்தனை ஏற்பாடு.

எழுதக் காரணம் ஆல்வின். நம் இரண்டு பேரையும் 'கம்ப்யூட்டர் கிறுக்கர்கள்' வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கிவிட்ட பிறகு சிவகாசியிலிருந்து எனக்குப் போன் போட்டார். "யக்கா, பாண்டிசெல்வி கேட்ட கேள்விக்கு நீங்களும் சோலையும் சேந்து ஒரே பதில் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அதுவரைக்கும் உள்ள விட மாட்டேன்" என்கிறார். அட்மின் ஆகிவிட்டால் கலெக்டர் என்று நினைப்பு.

கேள்வி உங்களுக்கு மறந்திருக்கும், சண்டை போடும் அவசரத்தில். நினைவுபடுத்துகிறேன். சத்திரப்பட்டிப் பெண் பாண்டிசெல்வி, அனிமேஷன் படித்தவள். ராஜபாளையம் நாய் ஒன்று டவுன் பஸ்ஸில் ஏறிப் போவதாக இரண்டு நிமிஷப் படம் செய்கிறாள். இருபத்தைந்தாம் தேதிக்குள் அதைச் சென்னைக் கம்பெனிக்கு அனுப்பினால் வேலைக்குக் கூப்பிடுவார்கள். ஆனால் ரெண்டர் போட்டால், அதாவது வரைந்ததை மிஷின் கணக்குப் போட்டுப் படமாக்கும்போது, இருபது நிமிஷத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடுகிறது. எதை மாற்றலாம் என்று கேட்டாள்.

ப்ராசசரை மாற்று என்றேன். கிராபிக்ஸ் கார்டை மாற்று என்றீர்கள். ஒன்பது நாளில் நானூற்றுப் பதின்மூன்று செய்திகள். எண்ணிப் பார்த்தேன். "கல்யாண வீடியோவ வெட்டி ஒட்டுறவியளுக்குக் கார்டப் பத்தி என்ன தெரியும் மதினி?" என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேர் முன்னால் கேட்டீர்கள். அதற்கு அடுத்து நீங்கள் எழுதிய வரியைப் பற்றி இப்போது பேசப் போவதில்லை.

என் பதில் மாறாது. அவளுடைய ப்ராசசர் ஏழு வருஷப் பழசு, நாலே கோர், அதாவது உள்ளே கணக்குப் போட நாலே மூளை. அதை மாற்ற வேண்டும். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

இப்படிக்கு,
யோகேஸ்வரி ஜெயபாண்டி


ராஜபாளையம்
5.7.2025

மதிப்பும் மரியாதையும் மிக்க, கோபத்திலும் கையெழுத்துக் கோணாத மதினிக்கு,

கடிதத்தில் பால்கோவா வாசனை ஆளைத் தூக்கியது. பிரித்தால் உள்ளே வெறும் காரம். டப்பாக்களுக்கு நடுவே வந்த கடிதத்தோடு கால் கிலோவாவது வந்திருக்கலாம். வாட்ச்மேன் வேறு, "யாருப்பா பொண்ணு?" என்று கேட்கிறார். அண்ணன் பொண்டாட்டி, கிராபிக்ஸ் கார்டு விஷயமாக எழுதியிருக்கிறார்கள் என்றேன். நம்பவில்லை.

நீங்கள் மட்டும் சும்மாவா இருந்தீர்கள்? "மில்லுல பியூஸ் கட்டப் போறவன் அந்த வேலையப் பாரு" என்று எழுதியது யார்? நான் எலெக்ட்ரீஷியன், மதினி. ஒரு ஷிப்ட்டுக்கு நாற்பது பேனல் என் கையில் இருக்கிறது. அன்றைக்கு மெஸ்ஸில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணனிடம் பஞ்சாயத்துக்குப் போனேன். ராஜஸ்தானிலிருந்து சிரிக்கிறார். "ஏலே, நாட்டோட எல்லைய நான் பாத்துக்கிடுதேன். அந்த எல்லைய நீங்களே பாத்துக்கிடுங்க" என்று வைத்துவிட்டார். பட்டாளத்துக்காரரே பயப்படுகிறார் என்றால் நான் எம்மாத்திரம்?

இப்போது விஷயம். உங்கள் ஊர்த் தேரை வைத்தே சொல்கிறேன், அப்போதாவது ஏறுகிறதா பார்ப்போம். ஆண்டாள் தேர் எப்படி நகருகிறது? வடம் பிடிக்க ஆயிரம் பேர் வேண்டும். 'இழு' என்று சொல்ல ஒருவர் போதும். அந்த ஆயிரம் பேர்தான் கார்டு. சொல்கிற ஒருவர் ப்ராசசர். அந்த நாயின் உடம்பில் எத்தனை ரோமம் இருக்கிறது! ஒவ்வொன்றிலும் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று கணக்குப் போட ஆயிரம் கைகள் வேண்டும். அவள் கார்டு பழசு, பாதி வேலை ப்ராசசர் தலையில் விழுகிறது, அது தாங்காமல் படுத்துவிடுகிறது. இதற்கு நானூறு செய்தி தேவையே இல்லை.

பேச்சு எதற்கு என்று என் கார்டையே கழற்றிக் கொடுத்துவிட்டேன். ஆமாம், என் கார்டு. எட்டு மாதம் காத்திருந்து வாங்கினேனே, தூசு படாமல் துணி போட்டு மூடி வைப்பேனே, அதேதான். எங்கள் மில்லில் வேலை பார்க்கும் சத்திரப்பட்டிக்காரர் தங்கப்பாண்டியன் கொண்டுபோயிருக்கிறார். அவளிடம் இருக்கும் பவர் சப்ளை அதற்குப் போதுமா என்று கேட்டுத்தான் அனுப்பினேன். மாட்டும் விதத்தைப் படம் வரைந்து கொடுத்திருக்கிறேன். ஓடட்டும், பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்து எழுதிய வரி என்கிறீர்களே, அது எது? எனக்கு நினைவில்லை. ஆல்வின் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்.

இப்படிக்கு,
உங்கள் அன்புக் கொழுந்தன் (இன்னும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்)
சோலை


ஸ்ரீவில்லிபுத்தூர்
8.7.2025

சோலைராஜ் அவர்களுக்கு,

தேரைப் பற்றி எனக்கே பாடமா? தேரடிக்கு இரண்டு தெரு தள்ளி ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கிறவள் நான். ஆயிரம் பேர் வடம் பிடிப்பார்கள், சரி. சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடுகிறார்களே, அவர்களை எங்கே விட்டீர்கள்? எந்த நொடியில் எந்தச் சக்கரத்தில் கட்டையைக் கொடுத்தால் தேர் திரும்பும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் இல்லாவிட்டால் உங்கள் ஆயிரம் பேரும் தேரை இழுத்துப் பாத்திரக் கடைக்குள் விட்டுவிடுவார்கள். அந்த முட்டுக்கட்டைக்காரர்தான் ப்ராசசர். போங்கள்.

கார்டைக் கொடுத்தது நல்ல காரியம். பாராட்டுகிறேன். பயன்படாது என்றும் சொல்லிவைக்கிறேன்.

அந்த வரி நினைவில்லை என்கிறீர்கள். எனக்கு இருக்கிறது. எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை. "எங்கண்ணன் சம்பளத்துல வாங்குன மிஷின வச்சுக்கிட்டு எல்லாரும் எக்ஸ்பெர்ட் ஆயிருதாக."

சோலைராஜ், அந்த மிஷினில் ஒரு ஸ்க்ரூகூட உங்கள் அண்ணன் வாங்கித் தந்ததில்லை. நாற்பத்தொரு கல்யாணம். ஒவ்வொன்றிலும் தாலி கட்டும் நேரத்தில் எவனாவது ஒரு மாமா கேமராவுக்குக் குறுக்கே வருவார். அவரை வெட்டி, அழுகிற குழந்தையின் சத்தத்தைக் குறைத்து, கறுப்பாகத் தெரிகிறாள் என்று பெண் வீட்டார் திருப்பி அனுப்பினால் மறுபடி கலர் போட்டு, அந்த உழைப்பில் சேர்ந்தது அது. முதலில் ப்ராசசர், நாலு மாதம் கழித்து போர்டு, பிறகு மற்றது. எல்லாம் சேர்ந்த அன்றைக்கு யாரோடு உட்கார்ந்து பூட்டினேன்? உங்களோடுதான். அது முதல் தடவை ஓடியபோது எனக்கு முன்னால் நீங்கள்தான் கை தட்டினீர்கள். அந்த ஆள் அப்படி எழுதலாமா? எனக்கு அழுகை வந்தது. கார்டுக்காகவும் ப்ராசசருக்காகவும் இல்லை.

பால்கோவா அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டேன்.

யோகேஸ்வரி


ராஜபாளையம்
16.7.2025

மதினிக்கு,

ஒரு வாரமாக எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். அந்த வரியைப் பற்றி எழுத இன்னும் கை வரவில்லை. அதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் காரியம் இருக்கிறது.

கார்டு போட்ட பிறகு மிஷின் இருபது நிமிஷத்தில் அணையவில்லை. எட்டு நிமிஷத்தில் அணைகிறது.

பாண்டிசெல்வி போனில், "பரவாயில்லண்ணே, நீங்க என்ன செய்வீக, எனக்கு அம்புட்டுத்தான்" என்றாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஒன்பது நாள்தான் இருக்கிறது. பத்துக் காட்சிகள் பாக்கி.

எங்கள் மில்லில் இருபத்திரண்டு வரைக்கும் பராமரிப்பு வேலை, லீவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு முகூர்த்தம் இல்லை என்று காலண்டரில் பார்த்தேன். நீங்கள் புதிதாக வாங்கி வைத்த பன்னிரண்டு கோர் ப்ராசசர் இன்னும் பூட்டாமல் சும்மாதான் இருக்கிறது. நான் தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போய் மாட்டிக் கொடுங்கள், மதினி. கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன்.

சோலை


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.7.2025, ஞாயிறு சாயங்காலம்

சோலை,

ஆமாம், 'நீ' தான். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல், ஸ்டுடியோவைத் திறந்து உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சிரி.

காலையில் ப்ராசசரையும், அதன் சூட்டைக் கடத்தத் தடவுகிற பேஸ்ட்டையும் பையில் வைத்துக்கொண்டு சத்திரப்பட்டியில் இறங்கினேன். மனசுக்குள் மேளம்தான். ஆல்வினுக்கு அனுப்ப வேண்டியதைப் பஸ்ஸிலேயே யோசித்துவிட்டேன்: 'கார்டு தோற்றது, ப்ராசசர் வென்றது.' தெருவுக்குள் நுழைந்தேன். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். பாண்டிசெல்வி வீட்டுக்குள் கால் வைத்தேன், முன்கட்டில் நாலு விசைத்தறி பேண்டேஜ் துணி நெய்துகொண்டிருக்கிறது. அதே அறையின் மூலையில் கம்ப்யூட்டர்.

உள்ளே போய் மூடியைக் கழற்றினேன். ப்ராசசரை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் இருக்கிற விசிறியை எடுக்க வேண்டும் இல்லையா? எடுத்தேன். விசிறிக்குக் கீழே சூட்டை இறக்குகிற தகடுகள் இருக்குமே, அவை கண்ணுக்கே தெரியவில்லை. விரல் கனத்துக்குப் பஞ்சு படிந்திருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். தோசையைக் கல்லிலிருந்து உரித்த மாதிரி ஒரே துண்டாக வந்தது.

சூடு, சோலை. அம்புட்டும் சூடு. நூறு டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது அணைந்திருக்கிறது. நீ கொடுத்த கார்டு உள்ளே இன்னும் கொஞ்சம் அனல் சேர்த்தது, எட்டு நிமிஷம் ஆகிவிட்டது.

"ஏட்டி, இத நீ குரூப்புல சொல்லலையே?" என்று கேட்டேன். பாண்டிசெல்வி திருதிருவென்று விழிக்கிறாள். கார்டு மாட்டும்போது பார்த்தாளாம், மேலாக ஊதிவிட்டாளாம். அவள் அம்மா அய்யம்மாள் தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். "பஞ்சா? அது இல்லாத எடம் எது தாயி? சோத்துல கெடக்கும், சாமி படத்துல கெடக்கும். இதையெல்லாமா போயி எழுதுவாக?" என்றார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தானே. கேட்டிருக்க வேண்டியது நாம். நானூற்றுப் பதின்மூன்று செய்திகளில் 'மிஷின் எவ்வளவு சூடாகிறது, மூடியைத் திறந்து பார்த்தாயா' என்று ஒரு செய்தி இல்லை.

உன்னை நன்றாகத் திட்டத்தான் வாயெடுத்தேன். ஷிப்ட்டுக்கு நாற்பது பேனலில் காற்றடித்துப் பஞ்சை எடுப்பதே உன் பிழைப்பு. பஞ்சு அடைத்தால் மோட்டார் புகையும் என்று எனக்கே பாடம் எடுத்தவன் நீ. சத்திரப்பட்டி என்று ஊரைக் கேட்டதும் உனக்குத் தோன்ற வேண்டாமா? ஆனால் சுவரைப் பார்த்ததும் திட்டு என் பக்கமே திரும்பிவிட்டது. அவளுடைய அக்காவின் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. நான் செய்த வீடியோ அது! தறிச் சத்தம் நாதஸ்வரத்தை முழுங்குகிறது என்று இரண்டு நாள் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை எடுத்ததே நான்தான். எடுத்த கையோடு மண்டையிலிருந்தும் எடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

இனிமேல் சொல்வதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். பஞ்சை எடுத்துத் துடைத்து முடித்தபோது, புது ப்ராசசர் என் கையில் இருந்தது. அதைப் போட்டிருந்தால் மிஷின் ஓடியிருக்கும். குரூப் முழுக்க என்னைக் கொண்டாடியிருக்கும். பஞ்சு விஷயம் எனக்கும் அந்தக் குப்பைத் தொட்டிக்கும்தான் தெரியும். போடத்தான் நினைத்தேன், பொய் சொல்வானேன்? பிறகு அந்த நாலு கோர் கிழவனையே புதுப் பேஸ்ட் தடவி உட்கார வைத்தேன். உன் கார்டையும் கழற்றிவிட்டு அவளுடைய பழைய கார்டையே போட்டேன். ரெண்டரைத் தட்டினேன். இருபது நிமிஷம். நாற்பது. ஒரு மணி நேரம். அய்யம்மாள் அக்கா இரண்டு தடவை காப்பி போட்டார்கள். அணையவே இல்லை. நீயும் ஜெயிக்கவில்லை, நானும் ஜெயிக்கவில்லை.

ஆனால் அவளுக்கு நாள் இல்லையே. பழைய கார்டில் ஒரு காட்சிக்குப் பதினொரு மணி நேரம் காட்டியது. உன் கார்டை மறுபடி மாட்டினேன், நாலு மணி நேரம். வடம் பிடிக்க ஆள் வேண்டும் என்றாய், அது சரிதான். எழுதிக் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

கம்ப்யூட்டரை உள் அறைக்கு மாற்றி, கதவிடுக்கில் துணி வைத்துவிட்டு வந்தேன்.

மதினி


ராஜபாளையம்
22.7.2025

அன்புள்ள மதினிக்கு,

மெஸ்ஸில் வைத்துப் படித்தேன். சிரித்ததில் ரசம் மூக்கில் ஏறிவிட்டது. என் காக்கிச் சட்டைப் பையைத் தட்டினேன், அதிலிருந்து பஞ்சு பறந்தது. ஒன்பது நாளும் இந்தச் சட்டையோடு உட்கார்ந்துதானே உங்களோடு மல்லுக்கட்டினேன்!

அந்தப் ப்ராசசரைக் கையில் வைத்திருந்தேன் என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் சிரிப்பு நின்றது. நானாக இருந்தால் போட்டிருப்பேன், மதினி. சத்தியமாகப் போட்டிருப்பேன்.

அண்ணனிடம் அந்த வரியைச் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "அவ மிஷினுக்கு நான் ஒத்த ரூவா குடுக்கலலே. எனக்கு வாட்ச் வாங்கித் தந்ததே அவதான். என்னலே எழுதி வச்சிருக்க?" என்றார். அவர் திட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். எழுதும்போதே தெரியும். அந்த ஆள் அப்படி எழுதலாமா என்று கேட்டீர்களே, எழுதியிருக்கக் கூடாது. வாதத்தில் தோற்றுக்கொண்டிருந்தேன், எது வலிக்குமோ அதை எடுத்து எறிந்தேன். அன்றைக்குக் கை தட்டியது நினைவிருக்கிறது. மன்னித்துவிடுங்கள். மறந்துபோச்சு என்று முதல் கடிதத்தில் எழுதியதும் பொய்தான்.

ஆல்வினுக்கு அனுப்பும் பதிலை எழுதி, என் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டே வரி.

'எதையும் வாங்கச் சொல்லும் முன் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

யோகேஸ்வரியின் கம்ப்யூட்டர் அவர் சொந்த உழைப்பில் வாங்கியது. அண்ணன் சம்பளம் என்று நான் எழுதியது பொய்.'

இரண்டாவது வரியை ஆல்வின் கேட்கவில்லை. ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னதை அதே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அடித்துவிடுங்கள். முதல் வரி போதும் என்றால் அதோடு அனுப்புங்கள்.

உங்கள் சோலை


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.7.2025

ஏலே சோலை,

பாண்டிசெல்வி படத்தை வியாழக்கிழமையே அனுப்பிவிட்டாள், ஒரு நாள் முன்னதாக. எனக்கும் ஒரு பிரதி வந்தது. நாய் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் டிக்கெட் கேட்டதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது பார், அச்சு அசல் நீ மெஸ் பில்லுக்கு முழிக்கிற முழி. ரோமம் வெயிலில் மின்னுகிறது, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. கம்பெனிக்காரர்கள் அடுத்த வாரம் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்களாம். அய்யம்மாள் அக்கா தறியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணினார்கள். தறி நின்றால் அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷம் என்று அர்த்தம்.

உன் கார்டு இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. துடைத்துத்தான் அனுப்பியிருக்கிறாள், நீயும் ஒரு தடவை ஊதிக்கொள். விசிறிகளை முன்பக்கம் வைத்துக் காற்றை உள்ளே இழுக்க வேண்டுமா, மேலே வைத்து வெளியே தள்ள வேண்டுமா என்று குரூப்பில் ஒருவர் கேட்டிருக்கிறாராம். ஆல்வின் வாய் தவறிச் சொல்லிவிட்டார். முன்பக்கம்தான், சந்தேகமே வேண்டாம். உனக்கு வேறு கருத்து இருந்தால் எழுது, பார்த்துக்கொள்கிறேன்.

அந்தத் தாள். குடும்ப விஷயம் ஊருக்கு எதற்கு என்று இரண்டாவது வரியை அடிக்கப் பேனாவை எடுத்தேன். மை சொட்டுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு ஆல்வினுக்கு அனுப்பிவிட்டேன். ஓரத்தில் ஒரு மைப்பொட்டு இருக்கும், அது அழுத அடையாளம் என்று எவனாவது குரூப்பில் எழுதினால் நீதான் சண்டைக்குப் போக வேண்டும்.

போனில் உன்னை ப்ளாக் பண்ணியிருந்ததை எடுத்துவிட்டேன். இருந்தாலும் கூப்பிடாதே, நேரில் வா. அரைக் கிலோ பால்கோவா எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு ஆடிப்பூரம், தேர். வடம் பிடிக்க நீ வந்துவிடு. முட்டுக்கட்டையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மதினி